'எம் சைஸ் போகவில்லை' என்று சொன்ன ரிப்போர்ட்

எங்கள் ரெடிமேட் கடையில் கொள்முதலை அக்காவும் கணக்கை நானும் பார்க்கிறோம். எந்த ரகம் ஓடும், எது தேங்கும் என்று அக்கா அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சட்டை டிசைன் 5 சைஸ், 4 நிறத்தில் வந்தால் அதுவே 20 சரக்கு. 60 டிசைன் என்றால் 1200. அத்தனையும் ஒருவர் நினைவில் நிற்காது. அதனால்தான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ், அதாவது விற்பனைக் கணக்கை ரிப்போர்ட்டாகவும் சார்ட்டாகவும் மாற்றி முடிவெடுக்கும் முறை, பக்கம் போனோம்.

எந்த டூல் என்று ரொம்ப யோசிக்கவில்லை. இப்படி ரிப்போர்ட் போடும் டூல்களில் கூகுளின் லுக்கர் ஸ்டூடியோவுக்கு பிரவுசரே போதும். மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில்தான் ஓடும். இரண்டையும் காசில்லாமல் தொடங்கலாம். கடை கம்ப்யூட்டர் விண்டோஸ் என்பதால் பவர் பிஐ எடுத்தோம். சின்னக் கடைக்கு எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

உயிரை எடுத்தது டேட்டாதான். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து ஒரு வருட விற்பனையை சிஎஸ்வி ஃபைலாக (ஸ்ப்ரெட்ஷீட்டில் திறக்கக்கூடிய எளிய பட்டியல்) இறக்கினேன். ஒரே நிறம் 'நேவி', 'நேவி ப்ளூ', 'டார்க் ப்ளூ', வெறும் 'நீலம்' என்று நாலு பெயரில் கிடந்தது. பில் போடும் ஆள் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியிருக்கிறது. ரிட்டர்ன் வந்த துணி விற்பனையிலிருந்து கழியாமலே இருந்தது. பார்கோடு இன்னும் மோசம். 13 இலக்க எண்ணை ஸ்ப்ரெட்ஷீட் தானாகவே சுருக்கிக் காட்டியது. கவனிக்காமல் சேமித்துவிட்டேன். மறுபடி திறந்தபோது கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யம், பத்து வேறு சட்டைகளுக்கு ஒரே எண். முதலிலிருந்து இறக்கி, பார்கோடு நெடுவரிசையை மட்டும் எண்ணாக இல்லாமல் 'டெக்ஸ்ட்' ஆக வைத்த பிறகுதான் சரியானது. தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். மொத்தத்தில் ஆறு வாரம் போனது, எல்லாம் கடை மூடிய பிறகு செய்த வேலை.

அப்புறம் முதல் ரிப்போர்ட். வெளிர் பச்சைச் சட்டை, கடந்த 30 நாள்: எம் சைஸ் 0, டபுள் எக்ஸெல் 5. "எம் போகவே இல்லக்கா, அடுத்த ஆர்டர்ல குறைச்சிடலாம்" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "போகலைன்னு சொல்ற. சரி, ஸ்டாக் இருந்துச்சா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். எம் ஒன்றுகூட இல்லை. கொள்முதல் பில்லையும் எடுத்துப் பார்த்தோம். ஆறு வாரத்துக்கு முன் எல்லா சைஸிலும் 12 வந்திருக்கிறது. எம் 11 நாளில் தீர்ந்துவிட்டது. நான் குறைக்கச் சொன்னது கடையிலேயே வேகமாகப் போகிற சைஸை.

விற்பனை டேட்டாவை மட்டும் பார்த்தால் 'விற்கவில்லை'யும் 'இல்லவே இல்லை'யும் ஒரே பூஜ்யமாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு தினசரி ஸ்டாக்கையும் உள்ளே சேர்த்து, சரக்கு கையில் இருந்த நாட்களை வைத்து மட்டும் விற்பனையை வகுக்கிறோம். அப்படிப் பார்த்தால் எம் நாளுக்கு ஒன்றுக்கு மேல், டபுள் எக்ஸெல் ஆறு நாளுக்கு ஒன்று.

ஆரம்பத்தில் 14 சார்ட் போட்டு வைத்திருந்தேன், ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது மூன்றுதான்: ஸ்டாக் இருந்த நாளுக்கு எத்தனை விற்றது, வந்த சரக்கில் எத்தனை சதவீதம் போனது, 90 நாளாக அசையாதது எது. திங்கட்கிழமை காலையில் ஆர்டர் போடும் முன் அக்காவே திறந்து பார்க்கிறார். எல்லா சைஸும் சமமாக வாங்குவதை நிறுத்தி, எம், எல் இரண்டும் இரட்டிப்பாக எடுக்கிறோம்.

கேட்டுவிட்டு இல்லையென்று திரும்பிப் போகிறவர் மட்டும் எந்த பில்லிலும் வரமாட்டார். அதற்காக அக்கா கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை அதை நான் டைப் செய்து சேர்க்கிறேன். போன வாரம் 7 பேர், அதில் 5 பேர் கேட்டது எம்.