ஆம்புலன்ஸ் வந்த நேரத்தைக் கேட்டு வாங்கிய கதை

எங்கள் நகரத்தில் 108-க்கு போன் போட்டால் வண்டி எவ்வளவு நேரத்தில் வருகிறது? இந்த ஒரு கேள்விக்கு உருப்படியான பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுவது, தபாலில் சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதில் ஒரு தடங்கலும் இல்லை.

நான் கேட்டது ஒரு மாதத்துப் பதிவுகள். அழைப்பு வந்த நேரம், வண்டி ஒதுக்கிய நேரம், கிளம்பிய நேரம், இடத்தை அடைந்த நேரம், மருத்துவமனையில் நோயாளியை ஒப்படைத்த நேரம். பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம் என்று நானே எழுதியிருந்தேன், அந்தரங்கம் என்று காரணம் காட்டிவிடக் கூடாதே என்று.

பதில் சரியாகக் கெடு முடிகிற சமயத்தில் வந்தது. ஒரு சராசரி எண். அதன் கீழே, “மனுதாரர் கோரிய பிற விவரங்கள் சேவையை நடத்தும் நிறுவனத்திடம் உள்ளதால் வழங்க இயலாது.” அவ்வளவுதான்.

சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பத்து வண்டி ஐந்து நிமிடத்தில் வந்து, இரண்டு வண்டி ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் சராசரி பதினான்கு நிமிடம்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். காத்திருந்த அந்த இரண்டு குடும்பங்கள் கணக்கில் எங்கே போயின? இங்கிலாந்தில் உயிருக்கு ஆபத்தான அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம் என்று இலக்கு வைத்ததோடு விடவில்லை. பத்தில் ஒன்பது அழைப்புக்கு 15 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். இரண்டு கணக்கும் மாதாமாதம் வெளியாகிறது. இங்கே அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சரி, நேரில் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். பிரிவு எழுத்தர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “சார், அதெல்லாம் கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கும். நாங்க எங்க போய் எடுக்கிறது?” மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று கேட்டேன். “எழுதிக் கொடுங்க, சொல்றோம்.” தகவல் தர மறுத்தால் காரணம், மேல்முறையீட்டுக் கெடு, யாரிடம் போக வேண்டும் என்ற மூன்றையும் மறுப்புக் கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும், பிரிவு 7(8). எனக்கு வந்த கடிதத்தில் காரணம் மட்டும்தான் இருந்தது. வராந்தாவில் ஒரு பலகை தொங்கியது, அதில் பெயரும் இருந்தது. அந்தப் பெயருக்கு அனுப்பிய மேல்முறையீடு அப்படியே திரும்பி வந்தது. அவர் மாறுதலில் போய் வெகுகாலம் ஆகிவிட்டதாம். பலகையில் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் அனுப்பும்போது பதவியை மட்டும் எழுதி அனுப்புங்கள். திரும்பி வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள், கெடுவுக்குள் அனுப்பினோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

முதல் மேல்முறையீட்டில் நான் நின்றது இரண்டு வரிகளில். தகவல் என்றால் அலுவலகத்தின் கையில் இருப்பது மட்டுமல்ல, அதன் கட்டுப்பாட்டில் இருப்பதும் சேரும் என்கிறது 2(j). வேறொரு சட்டத்தின்படி அரசு அலுவலகம் ஒரு தனியார் அமைப்பிடம் கேட்டுப் பெறக்கூடிய தகவலும் இதில் அடக்கம் என்கிறது 2(f). காசு கொடுப்பது அரசு, பதிவேடு மட்டும் எங்களுடையது இல்லை என்றால் எப்படி? மறுப்பு நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையதுதான், பிரிவு 19(5). விசாரணையில் மேல்முறையீட்டு அலுவலர் இதைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “ரிப்போர்ட் மாசாமாசம் நமக்கு வருதுல்ல?” என்றார். வருகிறதாம். பில் பாஸ் செய்வதே அதை வைத்துத்தானாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தாள்கள் வந்தன. கெடு தாண்டிவிட்டதால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்கவும் முடியாது, 7(6)-இன்படி இலவசம். ஆனால் அட்டவணையின் முதல் பத்தியே வண்டி ஒதுக்கிய நேரம். அழைப்பு வந்த நேரம் எங்கும் இல்லை. வண்டி எதுவும் காலியாக இல்லாமல் ஒருவர் காத்துக் கிடந்தால், அந்தக் காத்திருப்பு எந்தக் கணக்கிலும் வராது. எனக்கு முதலில் கொடுத்த சராசரியும் இப்படிப் போட்டதுதான்.

இது யார் வகுத்த கணக்கு என்று பார்க்க ஒப்பந்த நகல் கேட்டேன். வணிக ரகசியம் என்று 8(1)(d)-ஐக் காட்டி மறுத்தார்கள். அப்புறம்தான் ஒரு நண்பர் சொன்னார், டெண்டர் ஆவணத்தைத் தேடிப் பார் என்று. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடந்தது! நேரத்தை எங்கிருந்து எண்ணுவது, தாமதத்துக்கு எவ்வளவு பிடித்தம், எத்தனை வண்டி எப்போதும் ஓட்டத்தில் இருக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அதன்படி நேரம் எண்ணத் தொடங்க வேண்டியது அழைப்பை எடுத்த நொடியிலிருந்து. ரகசியம் என்று அவர்கள் பூட்டி வைத்ததில் பாதி தெருவில் கிடக்கிறது. முதலில் டெண்டரைப் படியுங்கள், மனு பிறகு. உங்கள் மாநிலத்து ஆம்புலன்ஸ் சேவை பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இருந்தால் அதையும் பாருங்கள். பல மாநிலங்களில் தணிக்கை நடந்திருக்கிறது. அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டுக்கு என்ன பெயர் என்று அதிலிருந்தே பிடித்துவிடலாம். அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் “அப்படி ஒன்று இல்லை” என்று சொல்ல வாய் வராது.

“ஏன் தாமதமானது?” என்று மட்டும் மனுவில் எழுதாதீர்கள். கையில் இருக்கும் தகவலைக் கொடுத்தால் போதும், இல்லாததைப் புதிதாகத் தொகுத்துத் தரவோ கருத்துச் சொல்லவோ வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்ன தீர்ப்பு ஒன்று இருக்கிறது. எழுத்தர்களுக்கு அது மனப்பாடம். உயிர் சம்பந்தப்பட்டது, 48 மணி நேரத்தில் கொடு என்று கேட்கச் சொல்வோரும் உண்டு. அது ஒருவரின் உயிரோ சுதந்திரமோ இப்போது ஆபத்தில் இருந்தால்தான் செல்லும். போன மாதத்துப் பதிவேட்டுக்குச் செல்லாது.

அழைப்பு நேரம் உள்ள பத்தியும் வேண்டும், தாமதத்துக்கு இதுவரை எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கும் வேண்டும் என்று தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு போட்டிருக்கிறேன். முதல் மேல்முறையீட்டு உத்தரவு வந்து 90 நாளுக்குள் போட வேண்டும், அதைக் கோட்டை விடாதீர்கள். வழக்கு எண் வந்துவிட்டது. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.