தறி நின்ற பிறகு எங்கள் வீதி

முப்பது வருடமாக எங்கள் வீதியில் தெருவிளக்கு எரிகிறதா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை. வீதிக்கு இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள். ராத்திரி ஷிப்ட் ஓடும்போது ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் டியூப்லைட் வெளிச்சம் ரோட்டில் விழும். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைப் பிணைக்க வருகிறவர்கள், தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர்கள், டீ குடிக்க வெளியே வருகிற பையன்கள் என்று விடிய விடிய ஆள் நடமாட்டம் இருக்கும். வெளியூர் போய்விட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் இறங்கி வந்தாலும் ஒரு பயமும் கிடையாது. தறிச் சத்தம் நின்றால்தான் எங்கள் வீட்டுக் குழந்தைகள் தூக்கத்திலிருந்து எழுந்துகொள்ளும். கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

அந்தச் சத்தம் இப்போது இல்லை. கூலி உயர்வு கேட்டு 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்திப் போராடினார்கள். அதே வருடம் செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. நடுவில் நூல் விலை படுத்திய பாடு தனிக்கதை. என்னிடம் எட்டுத் தறி இருந்தது. ஆறு தறி எடைக்குப் போனது. அப்பா வாங்கிப் போட்ட தறியைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, கிலோ கணக்கில் நிறுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை. எங்கள் வீதியில் பாதிக் குடோன் இன்று பூட்டிக் கிடக்கிறது. ஒன்றிரண்டை பழைய அட்டை போட்டு வைக்க வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீதி இருட்டு.

ஊர்ப் பெயரைப் போடவில்லை. தறியை நம்பிய கொங்கு ஊர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா சாக்கடையில் விழுந்தார். முன்பு எங்கள் குடோனில்தான் பாவு பிணைப்பார். தறி போனதும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார். கம்பெனி வண்டி பத்தேகால் மணிக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. சாக்கடை மேல் சிலாப் ஒன்று இல்லாமல் இருந்தது அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மழைத் தண்ணீர் ரோட்டுக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றது, கம்பத்தில் விளக்கும் இல்லை. கணுக்கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. நாங்கள் தூக்கியபோது அவர் முதலில் கேட்டது, "தம்பி, என் செருப்பு ஒண்ணு உள்ள போயிருச்சு, எடுக்க முடியுமா பாரு" என்பதுதான். வலியில் முகம் வெளுத்துப் போயிருந்தது.

மறுநாள் நகராட்சியின் புகார் எண்ணில் கம்பத்து நம்பரோடு சொன்னேன். மூன்றாம் நாள் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது. அன்று ராத்திரி போய்ப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. மறுபடி புகார், மறுபடி அதே செய்தி. மூன்றாவது தடவை கம்பத்தடியில் நின்று, தேதியும் நேரமும் விழுகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் மோட்டாரும் ஸ்டார்ட்டருமாகப் புழங்கியவன் என்பதால் எனக்கு அது உடனே தெரிந்தது. தெருவிளக்குக்கு என்று கம்பத்தில் தனியாக ஒரு கம்பி ஓடுகிறது. வீதி முனையில் இருக்கும் பெட்டியிலிருந்து அதைப் போட்டு அணைக்கிறார்கள். அங்கங்கே ஒரு விளக்கு அணைந்திருந்தால் பல்பு போயிருக்கலாம். ஒரு கம்பத்திலிருந்து கடைசி வரை வரிசையாக அணைந்திருந்தால் பல்பு காரணமே இல்லை. அந்த இடத்தில் கம்பி விட்டுப் போயிருக்கிறது. எங்கள் வீதியில் ஆறாவது கம்பத்திலிருந்து பதினான்காவது வரைக்கும் இருட்டு. அதில் எந்தக் கம்பத்துக்குப் புது பல்பு போட்டாலும் எரியாது.

கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது. விளக்கு நகராட்சியுடையது. நகராட்சியில் கேட்டால் "லைன் வேலைங்க, ஈபி-யில சொல்லுங்க" என்றார்கள். ஈபி-யில் கேட்டால் "தெருவிளக்குங்களா, நகராட்சிதானுங்க" என்றார்கள். ஒரு முழம் கம்பிக்காக இரண்டு ஆபீஸுக்கும் நான் நடந்தது எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மரியாதைக் குறைவாக யாரும் பேசவில்லை. உட்காரச் சொல்லி, டீ கூடக் கொடுத்தார்கள். வேலைதான் நடக்கவில்லை.

எங்கள் ஊர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் நண்பர்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொன்னார். 2005-ல் வந்த சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு கொடுத்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். "விளக்கு ஏன் எரியலைன்னு கேட்காதீங்க, அதுக்குப் பதில் வராது. ஏட்டுல என்ன எழுதியிருக்காங்களோ அதோட நகலைக் கேளுங்க" என்றார். அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவில், அரசு செய்கிற வேலையையே நேரில் பார்வையிடும் உரிமையும் நமக்கு இருக்கிறது. அதையும் மனுவில் சேர்த்தேன்.

நாற்பத்தியொரு நாள் கழித்து, பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் கட்டி ஒன்பது பக்கம் வாங்கினேன். அதில் எங்கள் கம்பத்து நம்பருக்கு நேராக மூன்று தடவை "பல்பு மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தது. மூன்றாவது தேதி, நான் போட்டோ எடுத்ததற்கு முந்தின நாள். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபத்தை விட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. அக்கா விழுந்த இடம், ஏட்டில் வெளிச்சமாக இருக்கிறது.

மேல்முறையீடு செய்தேன். அதன் பிறகு ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு இளநிலைப் பொறியாளரும் ஒரு வயர்மேனும் வீதிக்கே வந்தார்கள். வீதிக்காரர்கள் இருபது பேர் கூடவே நடந்தோம். பதினான்கு கம்பத்தில் ஒன்பது எரியவில்லை. வயர்மேன் மறைக்காமல் சொன்னார்: "பல்பு மாத்துனது நெசம்தானுங்கண்ணா. லைன்ல கரண்டு வரலைன்னு அன்னைக்கே சொன்னனுங்க. ஊர் பூராவுக்கும் ஒரே ஏணி வண்டி. அடுத்த கம்ப்ளைண்டுக்குப் போகோணும், நான் என்னங்க பண்றது?" அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லைனில் கரண்ட் இல்லை என்று அவர் சொன்ன பிறகும் "தீர்வு காணப்பட்டது" என்று அனுப்பினவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பொறியாளர் சிலாப் விஷயத்துக்கு ஒரே பதில் சொன்னார்: நிதி இல்லை. ஊரில் தொழில் படுத்துவிட்டது, வரி வசூல் ஆவதில்லை என்றார். அது பொய் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அக்கா வரி ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கும் 25 சதவீதம் ஏற்றினார்கள். இவர் வீடு அதற்குள்தான் வரும். கால் உடைந்து கிடந்த அரையாண்டுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

வக்கீல் நண்பர் அன்றைக்கு ரத்லம் வழக்கைச் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஊர். திறந்த சாக்கடை, நாற்றம், கழிப்பிடம் இல்லை என்று குடியிருந்தவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். செய்து கொடு என்று உத்தரவு வந்தது. பணம் இல்லை என்று அந்த நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணம் இல்லை என்பதைக் காரணம் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்பிக்க முடியாது என்றது கோர்ட். இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாம் கேட்பது சலுகை இல்லை என்று ஒருவர் அத்தனை வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த சிலாப் எப்போது காணாமல் போனது என்று வீதியில் விசாரித்துப் பார்த்தேன். 2018 வாக்கில் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போது ஊருக்குக் கவுன்சிலரே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்தான். ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. ராத்திரி போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. அந்த வருடங்களில் உடைந்தவை, அடைத்தவை, காணாமல் போனவை எதற்கும் கேட்க ஆள் இல்லாமலே போய்விட்டது. கிராமத்தில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரர் கிராம சபையில் எழுந்து நின்று கேட்டுவிட்டு வருவார். டவுனில் இருக்கும் எங்களுக்கு அந்த மாதிரி பகுதி சபை முதன்முதலில் கூடியது 2022 நவம்பர் 1-ல்.

அடுத்து நடந்த பகுதி சபையில் ஒன்பது பக்கத்தையும் போட்டோவையும் வைத்தேன். எங்கள் கவுன்சிலர் ஒரு பெண். அவரேதான் வந்தார், வீட்டுக்காரரை அனுப்பவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். பக்கம் பக்கமாகப் படித்தார். அங்கேயே ஈபி-க்கும் போன் போட்டார். நான்கு நாளில் இரண்டு ஆபீஸ் ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து ஆறாவது கம்பத்தில் ஏறினார்கள். இருபது நிமிட வேலை. அன்று ராத்திரி பதினான்கும் எரிந்தது.

வீதி முழுக்கப் பார்த்தால் சிலாப் ஆறு வேண்டும். நாலு வந்துவிட்டது. மீதி இரண்டுக்கு எந்தத் தேதியில் வேலை உத்தரவு கொடுத்தார்கள் என்று கேட்டு இன்னொரு பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை நேற்றுத்தான் வந்தது.

அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். விளக்கு எரிந்தாலும் போன் லைட்டைத் தரையில் அடித்துக்கொண்டேதான் நடக்கிறார். பத்தேகாலுக்கு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டால் நான் குடோன் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் டியூப்லைட்டையும் போட்டுவிட்டு, அவர் தாண்டிப் போகிற வரைக்கும் வாசலில் நிற்கிறேன்.