நின்ற மோட்டாரின் முனகல்

மெஷின் நின்றுவிட்டது. சர்வோ மோட்டார் மட்டும் "ங்ங்ங்" என்று முனகிக்கொண்டே இருக்கிறது.

அது சும்மா நிற்கவில்லை. ஷாஃப்ட் எவ்வளவு சுழன்றது என்று அளக்கும் 17 பிட் என்கோடர் ஒரு சுற்றை 1,31,072 பங்காகப் பிரிக்கிறது. சில பங்கு நகர்ந்தாலே, மோட்டாரை இயக்கும் டிரைவ் திருப்பி இழுக்கும். கெயின் (எவ்வளவு பலமாகத் திருப்பி இழுக்க வேண்டும் என்ற செட்டிங்) கூடினால் இழுத்தது எல்லை தாண்டும், மறுபடி இழுக்கும். அந்த இழுபறிதான் சத்தம்.

உடனே கெயினில் கை வைக்காதீர்கள். பவரை அணைத்து, முதலில் மோட்டார் ஷாஃப்டை மெஷினோடு இணைக்கும் கப்ளிங்கின் ஸ்குரூவைப் பாருங்கள்.

இறுக்கிய பிறகு ஷாஃப்டையும் கப்ளிங்கையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு. ஓட்டி நிறுத்தியதும் கோடு விலகியிருந்தால் வழுக்குகிறது.

என்கோடர் இருப்பது மோட்டாரின் பின்பக்கம். கப்ளிங் வழுக்குவது டிரைவுக்குத் தெரியவே தெரியாது.

அலாரம் வராது. பீஸ் மட்டும் அளவு தப்பி வரும்!