முன்னால் நடப்பவருக்கு என்ன பாதுகாப்பு?

பாம்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் வாங்கலாமா என்று எங்கள் பாசனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே பண்ணை நிலங்களில் நடமாடுகிறவர்கள் இடுப்பில் எடை குறைந்த ரிவால்வர் செருகிக்கொண்டு போவதை அவர் பார்த்திருக்கிறார். "நீ இரவெல்லாம் ஆற்றங்கரையில் நடக்கிறாய், உனக்கும் ஒன்று இருந்தால் எனக்கு நிம்மதி" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் என்ற பாசத்தில் வந்த யோசனை அது. சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. வெண்ணாற்றுக் கரைகளில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. பாம்புப் பயம் பொய்யான பயம் அல்ல என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து பேசினோம்.

அந்த ஊர்க்காரர்கள் எதை எடுத்துப் போகிறார்கள் என்பதை முதலில் பார்த்தோம். அலுமினியக் கலவை உடலும், இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழலும், ஐந்து தோட்டாக்களும் கொண்ட சிறிய ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற வகை சுமார் 400 கிராம் எடை. 2009இல் வந்த ரூகர் எல்.சி.ஆர். அதைவிடவும் குறைவு. நாளெல்லாம் இடுப்பில் சுமக்க வேண்டியிருப்பதால் எடை முக்கியம். ஆனால் எடை குறையக் குறைய, சுடும்போது கையில் வரும் உதை கூடும். அந்த உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் ஈயக் குண்டு உறையிலிருந்து முன்னே நகர்ந்து, தோட்டாக்கள் செருகிய உருளை சுழலாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. பாம்புக்கென்று அவர்கள் போடுவது சாதாரணத் தோட்டாவும் அல்ல. சிறு பிளாஸ்டிக் உறைக்குள் பொடி ரவைகளை அடைத்த தோட்டா. குழலின் உட்புறத் திருகு வரிகள் அதைச் சுழற்றிவிடுவதால் ரவைகள் வெளியே வந்த உடனே சிதறிப் பரவும். மூன்று மீட்டருக்கு அப்பால் நம்ப முடியாது.

அவர்கள் நிலத்துக்கு அது பொருந்தலாம். வறண்ட தரை, திறந்த வெளி, கண்ணுக்கெட்டும் வரை ஆள் இல்லை. அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பு பல சமயம் வாலை ஆட்டி ஒலி எழுப்பி, தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. மனிதனுக்கு நின்று, பார்த்து, முடிவெடுக்க அவகாசம் கிடைக்கிறது.

இங்கே சட்டப்படி என்ன கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் வைத்திருப்பது போன்ற .38 அளவு (குண்டின் விட்டம், அங்குலத்தில்) ரிவால்வர் பொதுமக்களுக்குக் கிடையாது; பெரும்பாலும் .32தான். 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை கொண்டுவந்த 'நிர்பீக்' அந்த அளவில் 500 கிராம் எடை கொண்டது. உரிமத்தை ஐந்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பாம்புகளோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. இதையெல்லாம் விடப் பெரிய தடை நம் மண்ணிலேயே இருக்கிறது. தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும் குண்டு உள்ளே இறங்காமல் தெறித்துப் போகும். டெல்டாவில் தண்ணீர் நிற்காத இடம் எது? ஒரு வரப்பில் நாற்று முடி சுமப்பவர்கள், அடுத்த வரப்பில் மாடு, கரைக்குக் கீழே குடிசைகள். எந்தத் திசையில் சுட்டாலும் அங்கே யாராவது இருப்பார்கள்.

இத்தனையும் ஒத்துவந்தாலும் அந்தத் துப்பாக்கி உதவாது என்பதே என் எண்ணம். கண்ணில் பட்ட பாம்பைத்தான் சுட முடியும். கண்ணில் பட்ட பாம்பை விட்டு நான்கடி பின்னால் வந்தாலே போதும், அது தன் வழியில் போய்விடும். எங்கள் பகுதியில் கடிபட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடித்த பிறகுதான் பார்த்தேன் என்பார்கள். பார்க்கவே இல்லை என்பார்கள்.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து சேரும்போது வரப்பு வளைகளில் தண்ணீர் புகுகிறது. எலி வெளியே வருகிறது, அதன் பின்னால் பாம்பும் வருகிறது. கண்ணாடி விரியன் குட்டி போடுவதும் பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான். முட்டையிடாமல் குட்டியாகவே போடுகிற பாம்பு அது. ஒரே ஈற்றில் இருபது, முப்பது கூட இருக்கும். குறுவை நடவுக்கு வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிற கை, புல்லுக்கு அடியில் இருக்கும் அந்தக் குட்டியைப் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் வயலில் இருக்கும் பாம்பெல்லாம் மேடு தேடிக் கரைக்கு வந்துவிடும். நாமும் அதே கரையில்தான் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்போம்.

மதகின் கதவை ஏற்றி இறக்கும் ஷட்டர் மேடையை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தால் நான் சொல்வது புரியும். வெள்ளக் காலத்தில் ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக வந்து ஷட்டரில் அடைத்துக்கொள்ளும். நீண்ட மூங்கில் கொக்கியால் அதை இழுத்துக் கரையில் போட வேண்டும். ஈரமும் இருட்டும் வேர்ச் சடையும் கலந்த அந்தக் குவியலுக்குள் தண்ணீர்ப் பாம்பு நிச்சயம் இருக்கும். அது கடித்தாலும் விஷமில்லை. அதே குவியலில் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட கண்ணாடி விரியனும் இருக்கலாம். ஒரு கார்த்திகை இரவில் எங்கள் லஸ்கர் (ஷட்டரை இயக்கி, கரையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) ஒருவர் அப்படி இழுத்துப் போட்டுவிட்டு, கொக்கியை விடுவிக்கக் காலால் குவியலை மிதித்தார். ஏதோ முள் குத்தியது என்றார். அடுத்த நிமிடம் குரல் மாறி, "ஐயா, முள் இல்லை" என்றார். டார்ச்சைத் திருப்பியபோது, பழுப்பு உடம்பில் சங்கிலிபோல் கோத்த கரு வட்டங்கள் வேருக்குள் நுழைவதை மட்டும் பார்த்தோம். சீறல் எதுவும் கேட்கவில்லை. மதகில் விழும் தண்ணீரின் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது.

காலை இறுக்கிக் கட்டவில்லை, கடிவாயைக் கீறவில்லை, அவரை நடக்கவிடவும் இல்லை. ஒரு பலகையில் காலை அசையாமல் வைத்து, கால் மோதிரத்தையும் அரைஞாண் கயிற்றையும் கழற்றிவிட்டு, ஜீப்பில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பணியில் இருந்த மருத்துவர் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேசை மீது நிமிர்த்தி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் யாரும் அந்தக் குழாயைத் தொடவில்லை. பிறகு மெல்லச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராக ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் அதே சோதனை. அவர் பிழைத்து வந்து இன்றும் அதே ஷட்டரை இயக்குகிறார்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதை அந்த இளைஞரிடம் நான் விரிவாகவே சொன்னேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியை நெடுங்காலமாகக் கொடுத்துவருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பிடித்த பாம்பிடம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இருளர்கள்தாம். பாம்பை இவர்களை விட அறிந்தவர்கள் கிடையாது. அவர்கள் கையில் இருப்பது ஒரு கம்பியும் ஒரு துணிப்பையும்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. இரவு ஆய்வுக்குப் போகும்போது வரிசையில் முதலில் நடப்பவர் லஸ்கர். காட்டாமணக்கையும் நாணலையும் விலக்கி வழி செய்பவர் அவர். அவர் கால் வைத்த இடத்தில்தான் நாங்கள் கால் வைக்கிறோம். அதிகாரியின் இடுப்பில் இருக்கும் எந்த ஆயுதமும் அவருடைய கணுக்காலைக் காப்பாற்றாது. பின்னால் வருபவர் மட்டும் வாங்கக்கூடிய ஒன்றைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியாது. எதை வாங்கினாலும் முன்னால் நடப்பவரின் காலுக்குப் பொருந்த வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் வேண்டியது வெளிச்சம். கையில் பிடிக்கும் டார்ச்சை விட நெற்றியில் கட்டும் விளக்கு நல்லது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், பார்க்கும் இடத்துக்கெல்லாம் ஒளி தானாகப் போகும். அடுத்தது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். கரையில் இதற்கு இணையில்லை. சேற்று வயலில் மட்டும் அது உதவாது. இரண்டு எட்டு வைத்தால் பூட்ஸ் சேற்றோடு நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். எங்கள் ஆட்கள் பூட்ஸ் போட மறுக்கிறார்கள் என்று குறை சொல்கிற மேலதிகாரிகள் ஒரு முறை தொளியில் இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே துணை, நீண்ட கழி. பாம்பை அடிக்க அல்ல, தரையைத் தட்டிக்கொண்டே போக. அதிர்வு தெரிந்தால் நல்ல பாம்பும் சாரையும் விலகிவிடும். கண்ணாடி விரியன் சோம்பேறி, அது விலகாது, அதற்குத்தான் வெளிச்சம். ஆகாயத்தாமரைக் குவியலைக் காலால் தொடவே கூடாது என்பது எங்கள் பிரிவில் இப்போது கண்டிப்பான விதி.

கட்டுவிரியன் கணக்கு தனி. அது வயலில் கடிப்பதை விடத் தூங்கும்போது கடிப்பதே அதிகம். ஆற்றுத் தண்ணீரை ஷட்டர்களால் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அருகே இருக்கும் காவல் கொட்டகையில் தரையில் பாய் விரித்துப் படுப்பவரின் போர்வைக்குள் வந்துவிடும். கடி வலிக்காது, வீக்கமும் வராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், இமை தூக்க முடியவில்லை என்பார், அதற்குள் மூச்சுத் திணறத் தொடங்கியிருக்கும். இதற்கு எந்தத் துப்பாக்கியும் பதில் இல்லை. கயிற்றுக் கட்டிலும், விளிம்பைப் படுக்கைக்கு அடியில் செருகிய கொசுவலையும்தான் பதில்.

இளைஞர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். நெற்றி விளக்கு ஒவ்வொரு லஸ்கருக்கும், பூட்ஸ் அவரவர் கால் அளவுக்கு, கொட்டகைகளுக்குக் கட்டிலும் வலையும். பாம்புக்கடியை 2024இல் தமிழ்நாடு அரசு கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியதைச் சுட்டிக்காட்டி, பணியில் கடிபட்டவர்கள் விவரத்தை நாமும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அவரே ஒரு வரி சேர்த்தார். ஒவ்வொரு ரெகுலேட்டரிலிருந்தும் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனை எது, இரவில் எந்தச் சாலை திறந்திருக்கும் என்பதைக் கொட்டகைச் சுவரில் பெயிண்டில் எழுதும் வேலையையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன். மேட்டூர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும்.