ஃபில்டரில் இறங்கியதெல்லாம் இரண்டுதானா?

"அக்கா, ஃபில்டரில் இறங்கியது எல்லாமே மாங்கனீஸ் இரண்டுதானா?" என்று ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்த லேப் ஜூனியர் கேட்டாள். "ஆமாம்மா, அப்படியே எழுது" என்றேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மாங்கனீஸ் எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்பதுதான் அந்த எண். இரண்டு கரைந்திருக்கும், நான்கு கரையாமல் துகளாக நிற்கும்.

நீர்த்தேக்கத்தின் அடியில் எடுத்த தண்ணீர் அது. 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு, உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுத்திருந்தோம். அந்தக் கருவி 55 என்ற நிறையில் மாங்கனீஸை எண்ணித் தரும். அது என்ன வடிவத்தில் கரைந்திருந்தது என்ற தடயம் அதற்குள் இருக்கும் பிளாஸ்மாவின் சூட்டிலேயே போய்விடும். அதனால் இறங்கியது இரண்டு, தங்கியது நான்கு என்று பிரிக்கும் பொறுப்பை ஃபில்டரிடம் விட்டுவிட்டோம். மூன்று தண்ணீரில் நிலைக்காது, இரண்டாகவும் நான்காகவும் பிரிந்துவிடும் என்றுதான் நான் படித்தேன். ஆனால் இலைதழை மக்கி உண்டாகி, தண்ணீரை மஞ்சளாக்கும் ஹியூமிக் பொருள்கள் மூன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அப்படிப் பிடிபட்டது ஃபில்டரில் தங்காது என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் மஞ்சளாக வேறு இருந்தது. தெரிந்தும்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, அமிலம் விடாமல் ஃபிரிட்ஜில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து லுகோபெர்பெலின் ப்ளூ என்ற சாயத்தை விட்டுப் பார்த்தேன். அது இரண்டோடு சேர்ந்து நிறம் மாறாது. மூன்றோ நான்கோ இருந்தால்தான் நீலமாகும். சாயம் விட்ட சின்னக் குப்பியை, குவெட்டை, வெள்ளைத்தாளுக்கு மேல் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பேனா மையை அலசிய தண்ணீர் மாதிரி மெல்ல நீலம் ஏறியது. இருப்பதெல்லாம் மூன்று என்று வைத்தால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு; நான்கு என்றால் அதில் பாதி.

அது பாட்டிலுக்குள்ளேயே உண்டான நீலமாக இருக்கலாம். திறந்து மூடியதில் காற்று போயிருக்கும். ஆனால் அந்த பிஎச்சில், அதுவும் ஃபிரிட்ஜ் குளிரில், காற்று மட்டும் இரண்டை அவ்வளவு சீக்கிரம் மாற்றிவிடாது. அதை விரைவுபடுத்தும் பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டரிலேயே நின்றிருக்கும். சரி, பாட்டில் ஸ்டெரைல் செய்ததா? இல்லை. இப்படித்தான் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரைச் சுத்திகரிப்பவர்கள் கேட்டிருந்தது கரைந்த மாங்கனீஸின் அளவு மட்டும்தான், வடிவத்தை நாங்களாகத்தான் சேர்த்தோம் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் அதை வைத்துத்தான் அவர்கள் மாங்கனீஸைப் படியவைத்து நீக்கும் மருந்தின் அளவு போடுவார்கள். 1 மில்லிகிராம் மாங்கனீஸ் இரண்டுக்கு 1.92 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். மூன்றாக இருந்தால் கணக்கே வேறு. ஹியூமிக் பிடித்துவைத்திருந்தால் படிவதே கஷ்டம்.

'கரைந்த மாங்கனீஸ், மொத்தம்' என்று திருத்தி மறுபடி அனுப்பினேன். நீலத்தைப் பற்றி எழுதவில்லை. உறுதியில்லாததை எப்படி எழுதுவது? உறுதியில்லாமல்தானே முதலில் 'இரண்டு' என்று எழுதச் சொன்னேன்.

மறுபடி சாம்பிள் எடுக்கப் போனபோது மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் புரண்டு கலந்திருந்தன. அந்தப் பழைய தண்ணீர் இனி எங்கும் இல்லை.

அவள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பதில்லை. படகிலேயே வடிகட்டி, சாயத்தை விட்டுப் பார்த்துவிடுகிறாள்.