மெதுவாக ஓடப் பழகினேன், இரண்டரை நிமிடம் குறைந்தது

மலேசியப் பள்ளியில் படிவம் 3இல் (15 வயதில்) மாவட்டக் குறுக்கோட்டப் போட்டியில் (cross-country) 4 கிலோமீட்டரை 20 நிமிடம் 10 விநாடியில் முடித்தேன். படிவம் 5இல் அதே தடத்தில் 17:40. நடுவில் என்ன செய்தாய் என்று பள்ளியில் தங்கைமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

படிவம் 3இல் நான் சோம்பேறியாக இருக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பள்ளி விட்டு பினாங்கு தாமான் பெலியா பூங்காவுக்குப் போய், பையன்களோடு போட்டி போட்டு, மூச்சு முட்டும்வரை ஓடினேன். எல்லா நாளும் அதே ஓட்டம்தான். முதல் இரண்டு மாதம் நேரம் குறைந்தது, அப்புறம் அசையவே இல்லை. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலிக்க ஆரம்பித்தது. அதையும் பொறுத்துக்கொண்டு ஓடினேன், அது பெரிய தவறு. தொட்டாலே ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம்.

முன்பு மாநிலத்துக்கு ஓடிய ஓர் அக்கா ஒருநாள் என்னோடு ஓட வந்தார். ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே மூச்சு வாங்கியது. “முழுசா சொல்ல முடியற வேகத்துல ஓடு, வாரத்துல மூணு நாள் அதுதான்” என்றார். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஆனது, மெதுவோட்டம் ஓட வந்த மாமாக்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அழுகையே வந்தது. ஆனால் 17, 20 நிமிட ஓட்டத்தில் உடம்புக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதி ஆக்சிஜனை வைத்துத்தான் வருகிறது, அந்தத் திறனை வளர்ப்பது இந்த நிதானமான ஓட்டம்தான். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடும், தசைக்குள் நுண்குழாய்கள் பெருகும். இது வாரக் கணக்கில் நடக்கிற வேலை, பத்து நாளில் பலன் தேடாதீர்கள். மெதுவான நாளில் உடம்பு தெளிந்திருந்தால்தான் வேகமான நாளில் உண்மையிலேயே வேகமாக ஓட முடியும்.

அந்த வேகமான நாள் எனக்கு வாரத்தில் இரண்டுதான். செவ்வாய்க்கிழமை 800 மீட்டர் ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஐந்தாவது சுற்று முதல் சுற்றைவிட மெதுவாகிவிட்டால் தொடக்கத்தில் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைப் பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதையில் ஒரு நிமிட ஏற்றம், ஆறு முறை, இறங்கும்போது நடை. மேட்டில் சின்ன அடி வையுங்கள், கையை நன்றாக வீசுங்கள், மூன்றடி முன்னால் பாருங்கள். வண்டி வரும் பாதை அது, தனியாகப் போகாதீர்கள். ஞாயிறு காலை 9 கிலோமீட்டர், அதுவும் வாய்ப்பாட்டு வேகத்தில்தான்.

நம் ஊர் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதனால் உடம்பு சூடு இறங்காது, அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடிக்கும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், மூச்சை வைத்து அளவிடுங்கள். போட்டி வெயிலில் என்றால் இரண்டு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் பழகுங்கள். தலை சுற்றினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். இடி கேட்டால் திடலில் நிற்கவே கூடாது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. படிவம் 4இல் நன்றாகப் பயிற்சி செய்தும் படியேறவே களைத்துப் போனேன். அம்மா கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. மாதவிடாயோடு ஓட்டமும் சேரும்போது இது நிறையப் பேருக்கு வருகிறது. மாத்திரையை நாமாக வாங்கி விழுங்கக் கூடாது, பரிசோதித்த பிறகுதான். முருங்கைக்கீரை, நெத்திலி, ஈரல் இதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். சாப்பாட்டோடு தே தாரிக் குடிப்பதை நான் விட்டுவிட்டேன், தேநீர் உடம்பில் இரும்பு சேர்வதைக் குறைக்கும். இதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், டீச்சரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, போட்டி நாள். படிவம் 3இல் என் முதல் கிலோமீட்டர் 4:10, மூன்றாவது 5:35. விசில் ஊதியதும் எல்லாரும் பாய்வார்கள், நானும் பாய்ந்தேன். படிவம் 5இல் முதல் கிலோமீட்டரை 4:28இல் போனேன், முப்பது பேருக்குப் பின்னால் இருந்தேன், பயமாகத்தான் இருந்தது. அப்புறம் 4:27, 4:30. மூன்றாவது கிலோமீட்டரில் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர ஆரம்பித்தார்கள், நான் ஒரு சட்டையைக் குறிவைத்து அதைத் தாண்டியதும் அடுத்த சட்டையைப் பார்த்தேன். கடைசிக் கிலோமீட்டர் 4:15.

காலையில் மூன்று மணி நேரம் முன்பே இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும். காரமான மிளகாய்ச் சம்பல் வேண்டாம்.