இரண்டு வருஷம் தப்பான காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்

ஷெஃபீல்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தெற்குப் பார்த்த செங்கல் சுவர். வெயில் அடித்தால் சாயங்காலம் வரை சூடு பிடித்து வைத்திருக்கும். அதை நம்பித்தான் 2019 மே மாதம் ஒரு சீமை அத்திக் கன்று வாங்கினேன். பிரவுன் டர்க்கி வகை. இங்கிலாந்தில் பலரும் வைப்பது இதைத்தான்; குளிரை ஓரளவு தாங்கும், குளவி வராமலேயே காய்க்கும்.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அத்திப் பழத்தைப் புட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு சொல்லுவாங்களேடி, அதையா வளர்க்கப் போற?" என்றார். அந்தப் பழமொழி நம் நாட்டு அத்திக்கு. அதன் காய்க்குள் குளவி புகுந்து முட்டையிடும். அத்திக் குளவி இந்தக் குளிரில் பிழைப்பதில்லை. அதனால் இங்கே பழத்துக்குள் அதன் புழுவும் கிடையாது.

முதல் இரண்டு வருஷம் தரையில் வைத்து, கோழி எரு போட்டு வளர்த்தேன். ஆள் உயரத்துக்கு வந்தது. இலை ஒவ்வொன்றும் என் கையை விரித்த அகலம். காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. அத்திக்கு வேர் ஓட இடம் கொடுத்தால் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நெருக்கிப் பிடித்தால்தான் காய்க்கும். தரையில் வைப்பவர்கள் 60 செ.மீ. சதுரக் குழி வெட்டி, நாலு பக்கமும் தளக்கல் பதித்து, அடியில் செங்கல் துண்டுகளைக் கொட்டுவார்கள். நான் 2021 மார்ச்சில், துளிர் விடுமுன், தோண்டி எடுத்து 45 செ.மீ. தொட்டிக்கு மாற்றினேன்.

அந்தக் கோடையிலேயே கணுவுக்குக் கணு காய் பிடித்தது. செப்டம்பரில் எலுமிச்சை அளவு. அக்டோபரிலும் அதே பச்சை, அதே கல். குளிர் போனதும் பழுக்கும் என்று விட்டுவைத்தேன். பிப்ரவரியில் எல்லாம் கறுத்து, அழுகி உதிர்ந்தன. அப்போதே கிளைகளின் நுனியைக் கத்தரித்து மரத்தை அழகாகக் கவாத்து செய்தேன்.

அடுத்த கோடை 2022. ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. இந்த வருஷமும் பழுக்காவிட்டால் இனி எப்போது? அக்டோபரில் மறுபடியும் பச்சைக் காய். உண்மையிலேயே மனசு விட்டுப்போயிற்று.

நவம்பரில் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பல வருஷமாக அத்தி வைத்திருப்பவர். நான் காட்டிய காய்களை அவர் பார்க்கவே இல்லை. ஒரு கிளையின் நுனியை வளைத்து, உதிர்ந்த இலையின் தழும்புக்கு மேலே நகத்தால் தொட்டுக் காட்டினார். பட்டாணியைவிடச் சிறியதாக ஒரு பச்சை மணி. "இதுதான் உங்கள் பழம். பெரியதையெல்லாம் பறித்துப் போடுங்கள்."

வெயில் அதிகமுள்ள நாடுகளில் கோடையில் பிடித்த காய் அந்த வருஷமே பழுத்துவிடும். இங்கே அதற்குக் காலம் போதாது. கோடைக் கடைசியில் நுனியில் உருவாகும் மணிகள்தான் குளிர்காலம் முழுக்கத் தூங்கி, அடுத்த ஆகஸ்ட் வாக்கில் பழுக்கின்றன. அப்படியானால் பிப்ரவரியில் நான் வெட்டிப் போட்டது அந்த வருஷத்துப் பழத்தை! அத்திப்பூவை யாரும் பார்த்ததில்லை என்பார்கள். நான் கண்ணெதிரே இருந்த காயையே பார்க்கவில்லை.

சரி என்று பெரிய காய்களை எல்லாம் பறித்தேன். காம்பிலிருந்து பால் வடியும். தோலில் பட்டு வெயிலும் பட்டால் புண்ணாகிவிடும், கையுறை கட்டாயம். டிசம்பரில் ஒரு வாரத்துக்கும் மேல் உறைபனி. நானும் கணவரும் தொட்டியை இழுத்து ஷெட்டுக்குள் வைத்தோம். இலை உதிர்ந்த மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. மாதம் ஒரு குவளை தண்ணீர் போதும். ஏப்ரலில் வெளியே கொண்டுவந்து, பனி விழும் இரவுகளில் துணி போர்த்தினேன்.

மே மாதம் மணிகள் பருக்கத் தொடங்கின. ஜூனில் புதுக் கிளைகளில் ஐந்து இலை விட்டு நுனியைக் கிள்ளினேன். தக்காளிக்கு ஊற்றும் பொட்டாஷ் உரம் வாரம் ஒரு தடவை, தண்ணீர் தினமும். தொட்டி ஒரு நாள் காய்ந்தாலும் பிஞ்சு உதிரும்.

அப்புறம் ஜூலை முழுக்க அப்படியே நின்றன. இம்மியும் வளரவில்லை. அத்தியின் சுபாவம் அது: முதலில் வேகமாக வளரும், நடுவில் நின்றுவிடும், கடைசிச் சில நாளில் மளமளவென்று ஊதும். தெரிந்திருந்தும் தினமும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். அந்த நாட்களில் டான் ஆற்றங்கரைக்கு நடந்துபோய் அங்கே தானாக முளைத்து நிற்கும் அத்தி மரங்களைப் பார்த்துவிட்டு வருவேன். சாக்கடையோடு ஆற்றில் கலந்த விதைகள், எஃகு ஆலைகள் சூடாக்கிவிட்ட தண்ணீரில் முளைத்தவை என்று சொல்கிறார்கள். ஆலைகளின் காலம் போய்விட்டது, மரங்கள் நிற்கின்றன.

2023 செப்டம்பர் முதல் வாரம் நல்ல வெயில். திங்கட்கிழமை நிமிர்ந்து நின்ற காய் புதன்கிழமை கழுத்து மடங்கித் தொங்கியது. தோல் பழுப்பாகி, மெல்லிய வெள்ளைக் கீறல்கள். அடியில் இருக்கும் கண்ணில் தேன்போல ஒரு சொட்டு. அதுவரை கை வைக்கக் கூடாது. பறித்தபின் அத்தி சரியாகப் பழுக்காது. லேசாகத் தூக்கியதும் கையோடு வந்தது.

அம்மாவுக்கு வீடியோ போட்டேன். "புட்டுக் காட்டு" என்றார். உள்ளே செக்கச்செவேல் என்று, ஈரமாக. "சுத்தமா இருக்கேடி!" ஒரு பாதி கணவருக்கு, ஒரு பாதி எனக்கு. வெயில் சூடு பழத்துக்குள் இன்னும் இருந்தது.

அந்த வருஷம் மொத்தம் ஒன்பது பழம். கடைசிப் பழத்தைப் பறித்த அன்றே கிளை நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பதினான்கு மணிகள் இருந்தன.